புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே கயாக்குல: பாசிர் ரிஸ் கரையோரமா ஒரு வெள்ளோட்டம் போறது எப்படி

சிங்கப்பூர்ல பாசிர் ரிஸ்க்கு எதிர்ல இருக்கற புலாவ் உபின் தீவ சுத்தி கயாக்குல வரணும்னு நிறைய தம்பதிங்களுக்கு ஆசை இருக்கு, எங்களுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. ஆனா நேரா அங்க போய் இறங்காதீங்க. முதல்ல கரையோரமா, ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முடியற மாதிரி, ரெண்டு பேர் மட்டும் ஒரு வெள்ளோட்டம் போயிட்டு வாங்க. கை எவ்ளோ வலிக்குது, எவ்ளோ வேகம் போறோம்ங்கறதெல்லாம் அப்புறம். தண்ணிக்கு நடுவுல நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் சொல்றத ஒருத்தர் எப்படி கேக்கறீங்கங்கறத தெரிஞ்சுக்கத்தான் இந்த ட்ரிப். வீட்டுல எவ்ளோ ஒத்துமையா இருந்தாலும் சரி, டபுள் கயாக்குல அது வேற மாதிரி இருக்கும்.

கோர்ஸ் விஷயத்த முதல்ல சொல்லிடறேன். துடுப்பு போடற கயாக்குக்கு லைசென்ஸ் தேவையில்ல. மோட்டார் வெச்ச படகுன்னா கடல்துறை ஆணையத்தோட பிபிசிடிஎல் லைசென்ஸ் எடுக்கணும், அதுக்கு 16 வயசாவது ஆகியிருக்கணும், அது தனிக் கதை. கயாக்குக்கு லைசென்ஸ் வேண்டாம்னாலும், கூட ஆள் இல்லாம வாடகைக்கு எடுக்கணும்னா பல இடத்துல பயிற்சி முடிச்ச சர்டிஃபிகேட் கேப்பாங்க, கேக்கறதுதான் நியாயம். சிங்கப்பூர் கனூ சம்மேளனத்தோட 1 ஸ்டார்ங்கற கோர்ஸ் வரைக்குமாவது ரெண்டு பேருமே முடிச்சிடுங்க. ஒருத்தர் மட்டும் படிச்சிட்டு இன்னொருத்தர் "அவர் பாத்துக்குவாரு"ன்னு வந்து உக்காரக்கூடாது. படிச்ச ஆள் மயங்கிட்டா யாரு கரைக்கு கொண்டாருவா?

கோர்ஸ் முடிஞ்சதும் ஒரு நாள் அலையே இல்லாத தண்ணியில பழகுங்க. காலாங் பேசின் அதுக்கு ரொம்ப நல்ல இடம். முன்ன அங்க கடல் தண்ணி ஏறி இறங்கிட்டு இருந்துச்சு, 2008ல மரினா பேரேஜ் தடுப்பணை வந்தப்புறம் அது நல்ல தண்ணித் தேக்கம் ஆயிடுச்சு, ஏற்ற இறக்கம் கிடையாது. இப்படிப்பட்ட தண்ணியில ரெண்டு பேர் துடுப்பையும் ஒண்ணா போட வெச்சுட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

யாரு முன்னாடி, யாரு பின்னாடி? எடை கூட இருக்கறவங்க பின்னாடி. மாத்தி உக்காந்தா மூக்கு தண்ணியில குத்திக்கிட்டு படகு சொன்ன பேச்ச கேக்காது. முன்னாடி இருக்கறவங்கதான் தாளம், அவங்க துடுப்பு விழும்போது பின்னாடி இருக்கறவங்க துடுப்பும் அதே பக்கம் விழணும், இல்லன்னா டக்கு டக்குனு ரெண்டும் மோதிக்கும். திருப்பறது பின்னாடி இருக்கறவங்க பொறுப்பு. எங்க வீட்டுல நான் முன்னாடி, அவர் பின்னாடி. தாளம் தப்பினா நான் "ஏலேலோ"ன்னு ஆரம்பிப்பேன், "ஐலசா"ல ரெண்டு துடுப்பும் தண்ணிக்குள்ள போகும். ஒண்ணு ரெண்டுன்னு எண்ணறத விட இதுதான் எங்களுக்கு சீக்கிரம் பிடிபட்டுச்சு, மூச்சும் அதுலயே சரியா ஓடும்.

பேச்சு விஷயத்துல ஒண்ணு கவனிங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கு முன்னாடி இருக்கறவங்க முதுகு தெரியும், அவங்க சோர்ந்துட்டாங்களா, தோள் இறங்குதான்னு எல்லாமே தெரியும். முன்னாடி இருக்கறவங்களுக்கு பின்னாடி நடக்கறது ஒண்ணுமே தெரியாது. அதுவும் இல்லாம முன்னாடி இருந்து பேசறது காத்துல போயிடும், பின்னாடி கேக்காது. அதனால பின்னாடி இருக்கறவங்க வாய திறந்து சொல்லிட்டே இருக்கணும், "லெஃப்ட்ல திருப்பறேன்", "ரெண்டு நிமிஷம் நிறுத்தறேன்", "பின்னாடி ஒரு படகு வருது"ன்னு. முன்னாடி இருக்கறவங்க நிறுத்தணும்னா துடுப்ப தலைக்கு மேல படுக்கையா தூக்கிக் காட்டணும். இத கரையிலயே பேசி வெச்சுக்கோங்க. இன்னொரு ஒப்பந்தமும் இருக்கு, "திரும்பலாம்"னு யாரு சொன்னாலும் திரும்பணும். ஏன்னு கேக்கக்கூடாது, இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு சொல்லக்கூடாது, கரைக்கு வந்தப்புறமும் அத பத்தி முகத்த தூக்கி வெச்சுக்கக்கூடாது. எங்க வீட்டுல இந்த ஒப்பந்தத்துக்கு விலக்கே கிடையாது.

இப்ப தண்ணிக்கு வருவோம், இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

பாசிர் ரிஸ் கடற்கரை ஜோகூர் நீரிணைப் பக்கம் இருக்கு, எதிர்ல உபின், கெத்தாம் தீவெல்லாம் தெரியும். பாக்க குளம் மாதிரி அமைதியா இருக்கும், அந்த அமைதிய நம்பிடாதீங்க. தண்ணி ஏறறதும் வத்தறதும் சுமாரா 6 மணி நேரத்துக்கு ஒரு தடவ மாறும், அடுத்த நாள் அதே ஏற்றம் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளி வரும். நீரிணைய நடுவுல சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கற காஸ்வே சாலை அடைச்சிருக்கு, 1924ல திறந்தது, அதனால நம்ம பக்கத்து தண்ணி கிழக்கு வழியாத்தான் உள்ள வரணும், கிழக்கு வழியாத்தான் வெளிய போகணும். அதாவது தண்ணி ஏறும்போது ஓட்டம் பொதுவா மேற்கப் பாத்து, வத்தும்போது கிழக்கப் பாத்து. கரைய ஒட்டி, ஆத்து வாய் பக்கம் அங்கங்க சுழிச்சு வேற மாதிரியும் ஓடும், அதனால இறங்கறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் கரையில நின்னு பாருங்க. நங்கூரம் போட்டு நிக்கற படகு இருந்தா அதோட மூக்கு ஓட்டம் வர்ற பக்கம் திரும்பியிருக்கும், காத்து பலமா இல்லன்னா இது தப்பாது. மிதவை இருந்தா எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாருங்க. கெலோங் (கடல்ல கம்பம் நட்டு மீன் பிடிக்கற இடம்) கம்பமோ வேற எந்தக் கம்பமோ தண்ணியில நின்னா, அத சுத்தி ஒரு பக்கம் தண்ணி லேசா குவிஞ்சும் மறுபக்கம் வால் மாதிரி நீண்டும் இருக்கும், அந்த வால் நீட்டற பக்கம்தான் தண்ணி போற பக்கம்.

ஓட்டம் எல்லா நேரமும் ஒரே மாதிரி இருக்காது. ஏற்றம் ஆரம்பிச்சு முதல் ஒரு மணி நேரத்துல கொஞ்சமாத்தான் ஏறும், 3வது 4வது மணி நேரத்துல வேகமா, கடைசில மறுபடி மெதுவா. மொத்த ஏற்றத்த 12 பங்கா வெச்சா மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1ன்னு கணக்கு வெச்சுக்கலாம். அன்னிக்கு 2.4 மீட்டர் ஏறுதுன்னா முதல் மணியில 20 செண்டிமீட்டர்தான், நடு ரெண்டு மணியில மணிக்கு 60 செண்டிமீட்டர். இது தோராயமான கணக்குதான், ஆனா திட்டம் போட போதும். அப்புறம் எந்த நாள்ங்கறதும் பெரிய விஷயம். இதுக்கு வீட்டுல மாட்டியிருக்கற தமிழ் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், ஓட்டமும் அதிகம். அஷ்டமி பக்கம் குறைச்சல். அஷ்டமியில நல்ல காரியம் ஆரம்பிக்கக்கூடாதுன்னு அம்மா சொல்வாங்க, கயாக் வெள்ளோட்டத்துக்கு மட்டும் அதுதான் நல்ல நாள்னு நான் அவங்களுக்கு விளக்கி சொன்னேன். சரியான நேரம் வானிலை நிலையத்தோட இணையப் பக்கத்துல பாக்கலாம், கடல்துறை ஆணையம் வருஷா வருஷம் அட்டவணையும் போடறாங்க.

எங்க முதல் ட்ரிப்புல இதெல்லாம் பாக்கல. பௌர்ணமிக்கு அடுத்த நாள், நல்லா ஏறிட்டு இருக்கற நேரம், ஓட்டத்தோடயே மேற்குப் பக்கம் போயிட்டோம். 15 நிமிஷத்துல 1.5 கிலோமீட்டர் போனதும் நமக்கு இவ்ளோ நல்லா வருதேன்னு சந்தோஷமா இருந்துச்சு. திரும்பும்போதுதான் தெரிஞ்சுது. கரையில ஒரு பெரிய மரம், அதுக்குக் கீழ சிவப்பு சட்டை போட்டு ஒருத்தர் தூண்டில் போட்டுட்டு இருந்தார். நான் துடுப்பு போடறேன் போடறேன், அந்த சிவப்பு சட்டை என் வலது தோளுக்கு நேராவே நிக்குது. பக்கத்துல மிதந்து வந்த ஒரு காஞ்ச இலை எங்கள தாண்டி பின்னால போகுது. அன்னிக்கு திரும்பி வர 45 நிமிஷம் ஆச்சு. கணக்கு ரொம்ப சிம்பிள், நாங்க மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்துல துடுப்பு போடறவங்க, ஓட்டம் 2 கிலோமீட்டர். போகும்போது 6, வரும்போது 2. கையில தெம்பு இருக்கறப்ப 6லயும், தெம்பு போனப்புறம் 2லயும் போயிருக்கோம்.

அதனால முதல்ல ஓட்டத்த எதிர்த்து போங்க, திரும்பும்போது ஓட்டம் உங்கள வீட்டுக்கு கொண்டாந்து விடட்டும். நாங்க இப்ப செய்யறது இதுதான், ஹை டைட் 10 மணின்னா 8 மணிக்கு தண்ணியில இறங்கறோம். அந்த நேரம் வேகமான நடு மணி முடிஞ்சிருக்கும், தண்ணி இன்னும் மேற்கப் பாத்து ஏறிட்டுத்தான் இருக்கும். கிழக்குப் பக்கமா எதிர்த்து போறோம், முக்கால் மணி ஆச்சுன்னா எங்க இருந்தாலும் திரும்பிடறோம், 9.30க்குள்ள கரை. இதுல இன்னொரு நல்லதும் இருக்கு, கரை சேரும்போது தண்ணி நல்லா மேல இருக்கும். லோ டைட்ல வந்தீங்கன்னா முழங்கால் வரைக்கும் சேறு, படக இழுக்கவும் முடியாது, சேத்துக்குள்ள சிப்பி காலை கிழிச்சிடும்.

கிழக்குல லோயாங் வரைக்கும் போயிடாதீங்க. அது நடுக்கடல்ல எண்ணெய் எடுக்கற மேடைக்கு சாமான் கொண்டு போற சப்ளை கப்பல் வந்து போற இடம், அதுக்கு நல்லா முன்னாடியே திரும்பிடணும். அதுக்கும் அந்தப் பக்கம் சாங்கி முனை, உபினுக்கு ஆள் ஏத்திட்டுப் போற பம்போட்டு படகு போயிட்டும் வந்துட்டும் இருக்கும், வெள்ளோட்டத்துக்கு அங்க வேலையே இல்ல. நீரிணை நடுவுல நாட்டு எல்லை வேற இருக்கு, கடலோரக் காவல் படை எப்பவும் ரோந்துல இருப்பாங்க, அதனால கரையிலேர்ந்து நீந்தி வந்துடற தூரத்துக்குள்ளயே இருங்க, ஐசி, அதான் அடையாள அட்டை, கையில இருக்கட்டும். மீன் பண்ணைக்கிட்டயும் போகாதீங்க, கயிறு எங்க எப்படி போகுதுன்னு மேல இருந்து தெரியாது.

வானம் பத்தி ரெண்டு வார்த்தை. ஏப்ரல்லேர்ந்து நவம்பர் வரைக்கும் விடியகாலையில சுமாத்ரா காத்து வரும், மேற்குலேர்ந்து கருப்பா ஒரு பட்டை மாதிரி எழும்பி வந்துச்சுன்னா கொஞ்ச நேரத்துல காத்து மணிக்கு 40லேர்ந்து 80 கிலோமீட்டர் வரைக்கும் வீசும். டபுள் கயாக் அதுக்கு முன்னாடி நிக்காது. கிளம்பறதுக்கு முன்னாடி வானிலை நிலையத்தோட மழை ரேடார் படத்த பாருங்க, மேற்குல கலர் கலரா ஏதாவது நகர்ந்து வந்தா பரோட்டா சாப்ட்டுட்டு வீட்டுக்கு போயிடலாம். தண்ணியில இருக்கும்போது இடி சத்தம் கேட்டாலே கரை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 3 செகண்டுன்னா ஒரு கிலோமீட்டர்னு எண்ணிட்டு உக்காந்திருக்க வேண்டாம், நம்ம ஊர் இடி எந்த மேகத்துலேர்ந்து இறங்கும்னு சொல்லவே முடியாது, தட்டையான தண்ணியில உசந்து நிக்கற பொருள் நம்ம தலையும் துடுப்பும்தான்.

லைஃப் ஜாக்கெட்ட போட்டு பாக்காம வாங்கிடாதீங்க. எல்லா பக்கிளையும் மாட்டி, இறுக்கி, உங்க வீட்டுக்காரர தோள்பட்டைக்கிட்ட பிடிச்சு மேல தூக்க சொல்லுங்க. காதுக்கு மேல ஏறுதுன்னா லூசு, தண்ணியில முகத்த மூடிடும். ஒரு வாடகை இடத்துல எனக்கு குடுத்த ஜாக்கெட்டுல நடு பக்கிளோட ஒரு பல் உடைஞ்சிருந்துச்சு, மாட்டும்போது டிக்குனு சத்தமும் வந்துச்சு, ஆனா லேசா இழுத்ததும் கழண்டு வந்துடுச்சு. அவர் தூக்கி பாக்காம விட்டிருந்தா அதோடதான் தண்ணிக்குள்ள போயிருப்பேன். அதுலேர்ந்து டிக் சத்தத்த நம்பறதில்ல, ஒவ்வொரு பக்கிளையும் இழுத்து பாக்கறோம். ஜாக்கெட்டுல விசில் கட்டியிருக்கான்னும் பாருங்க.

மத்த சாமான் அதிகம் வேண்டாம். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி, அதுல ஒரு பாட்டில் உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ், ரெண்டு வாழைப்பழம், தண்ணி புகாத பையில ஃபோன், முழுக்கை சட்டை, தொப்பி, கால மூடற பழைய ஷூ. ஸ்லிப்பர் கூடாது, முதல் சேத்துலயே போயிடும். வயிறு முட்ட சாப்ட்டுட்டும் வராதீங்க, ரெண்டு இட்லி போதும்.

கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல யாருக்காவது மெசேஜ் போட்டுடுங்க. நான் தங்கச்சிக்கு போடறது இப்படித்தான்: "8க்கு பாசிர் ரிஸ்ல இறங்கறோம், கிழக்குப் பக்கம், மஞ்சள் கயாக், 9.30க்கு கரை. 10 வரைக்கும் மெசேஜ் வரலன்னா ஃபோன் பண்ணு, எடுக்கலன்னா போலீஸ் 999." கரை சேந்ததும் மறக்காம பதில் போடணும், பாவம் அவ உக்காந்து மணிய பாத்துட்டு இருப்பா.

இப்ப யாருக்கும் பிடிக்காத பகுதி, ஆனா இத செய்யாம கிளம்பவே கூடாது. இடுப்பளவு தண்ணியில வேணும்னே கயாக்க கவுத்துப் பழகணும், அப்புறம் கால் எட்டாத ஆழத்துல ஒரு தடவ. நான் சொல்றது மேல உக்காந்து ஓட்டற திறந்த கயாக்குக்கு, உள்ள கால் நுழைச்சு உக்கார்ற மூடின கயாக்கா இருந்தா பயிற்சியாளர் கூட இருக்கும்போது மட்டும்தான் செய்யணும். கவுந்ததும் முதல் வேலை உங்க துணை தலை மேல வந்துச்சான்னு பாத்து பேர சொல்லிக் கூப்பிடறது. ரெண்டாவது வேலை படக விடாம பிடிச்சுக்கறது, படகு மிதக்கும், காத்து அத நீங்க நீந்தறத விட வேகமா தள்ளிட்டுப் போயிடும். துடுப்பும் கையில இருக்கணும். அப்புறம் ரெண்டு பேரும் ஒரே பக்கம் வந்து, கவுந்த படகோட முதுகு மேல எம்பி எதிர்ப்பக்க விளிம்பப் பிடிச்சு, உடம்பு எடையால பின்னால சாஞ்சா அது புரண்டு நிமிரும். நிமிந்ததும் ஒருத்தர் எதிர்ப்பக்கம் போய் படகு சாயாம தொங்கிப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் கால நீட்டி நல்லா உதைச்சுக்கிட்டே வயித்த படகுக்குக் குறுக்க போடணும். கையால இழுத்து ஏற பாக்காதீங்க, கால் உதைதான் மேல தூக்கும். வயிறு ஏறினதும் புரண்டு உக்காரணும், கால ரெண்டு பக்கமும் தொங்கவிட்டு படக நிலையா வெச்சுக்கணும், அதுக்கப்புறம் அடுத்தவர் ஏறணும். எனக்கு முதல் 3 தடவ ஏறவே வரல. உப்புத் தண்ணி மூக்குல ஏறி கண்ணெல்லாம் எரிஞ்சுது, அவர் எதிர்ப்பக்கம் தொங்கிட்டு "அவசரமில்லம்மா, கால் மட்டும் உதை"ன்னு சொல்லிட்டே இருந்தார். 4வது தடவ ஏறிட்டேன். யாரு முதல்ல ஏறினா சுலபமா இருக்குன்னு மாத்தி மாத்தி செஞ்சு பாருங்க, எங்களுக்கு நான் முதல்ல ஏறறதுதான் சரி.

தண்ணியில நடக்கும்போது கால தூக்கி வைக்காம மணல்ல தேய்ச்சு நடங்க, திருக்கை படுத்திருந்தா அதுவா விலகிப் போயிடும்.

கிளம்பினப்புறம் சொல்ல அதிகம் இல்ல. கையால மட்டும் போடாம இடுப்ப திருப்பிப் போடுங்க, வேகம் வேண்டாம், பேசிட்டே போற அளவுக்கு மூச்சு இருக்கணும். பெரிய படகு அலை வந்தா மூக்க அலைக்கு நேரா திருப்பிடுங்க, பக்கவாட்டுல வாங்காதீங்க. 10 நிமிஷத்துக்கு ஒரு தடவ நிறுத்தி ஒரு வாய் தண்ணி. நிறுத்தினதும் கரையில ரெண்டு பொருள ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா பாத்து வெச்சுக்கோங்க, ஒரு குப்பைத்தொட்டியும் அதுக்குப் பின்னாடி ஒரு அடுக்குமாடி புளோக்கும் மாதிரி. ரெண்டும் விலக விலக ஓட்டம் உங்கள எவ்ளோ வேகமா தள்ளுதுன்னு கண்ணாலயே தெரியும்.

நேரம் மிச்சம் இருந்தா திரும்பும்போது சுங்கை தெம்பனிஸ் ஆத்து வாய்கிட்ட கொஞ்சம் நிறுத்துங்க. பாசிர் ரிஸ் பூங்காவுக்குள்ள 6 ஹெக்டேர் சதுப்புநிலக் காடு இருக்கு. துடுப்ப மடியில வெச்சுட்டு சத்தமில்லாம இருந்தா சேத்து மேல மண்டை பெருசா, கண்ணு ரெண்டும் உச்சந்தலையில இருக்கற மாதிரி சேத்துமீன் தத்தித் தத்திப் போறது தெரியும், வேர் நடுவுல கொக்கு அசையாம நிக்கும். ஒரு நாள் நீர்நாய்க் கூட்டம் எங்க படகுக்கு 10 மீட்டர்ல தல தூக்கிப் பாத்துட்டுப் போச்சு, நாங்க ரெண்டு பேரும் மூச்சு கூட விடல. கிட்ட போக பாக்காதீங்க, குட்டி வெச்சிருந்தா சீறும்.

கரை ஏறினதும் எல்லாத்தையும் நல்ல தண்ணியில அலசிடுங்க, காலுல சிப்பி கீறல் இருந்தா சோப்பு போட்டு கழுவி மருந்து போடுங்க, சின்னதுதானேன்னு விட்டுடாதீங்க. அப்புறம் கோப்பிக் கடையில தே தாரிக் ஆர்டர் பண்ணிட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. எங்க நோட்டுல போன மாசத்துக் கணக்கு இப்படி இருக்கு: தூரம் 1.8 கிலோமீட்டர், போக 41 நிமிஷம், வர 22. அதாவது போகும்போது மணிக்கு 2.6, வரும்போது 4.9. ரெண்டையும் கூட்டி பாதி போட்டா 3.75, அது எங்க சொந்த வேகம். கழிச்சு பாதி போட்டா 1.15, அது அன்னிக்கு தண்ணியோட வேகம். அதுக்குக் கீழ ரெண்டு பேரும் தனித்தனியா ஒரு வரி எழுதணும், எந்த இடத்துல பயமா இருந்துச்சுன்னு. அவர் எழுதினது, "பின்னாடி ஸ்பீட்போட்டு வந்தப்ப சொல்ல மறந்துட்டேன்." நான் எழுதினது, "வலது தோள் 30வது நிமிஷத்துலயே வலிச்சுது, சொல்லல." அடுத்த அஷ்டமி ஞாயித்துக்கிழமை வருது, ஹை டைட் நேரமும் ஒத்து வருது, இந்த ரெண்டையும் சரி பண்ணிட்டு வரணும்னு திரும்ப அதே 1.8 கிலோமீட்டருக்குத்தான் போறோம்.